போகாதவர்கள் இட்ட நட்சத்திரங்கள்

என் மகன் சேந்தனுக்கு, வேலவன் உனக்கு முன்னே நடந்து வழி காட்ட வேண்டுமென்று தொழுது, பதுளையிலிருந்து அம்மா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை நீயும் உன் கூட்டாளி நிரோஷனும் வந்து, நம் யாத்திரை அலுவலகச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் ஒளியைப் பாய்ச்சி, கொழும்பில் முதலீட்டாளர் அம்மையார் முன்னிலையில் செய்யவிருக்கும் விளக்கத்தை எனக்கு ஒருமுறை செய்துகாட்டினீர்கள். பயண முகவர்களுக்காக நீங்கள் உருவாக்கிய மென்பொருளை முதன்முதலில் பயன்படுத்திய வாடிக்கையாளர் என்ற முறையில் அந்த அம்மையார் என்னைத் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கப்போகிறார் என்றும், மற்றெல்லாம் சரியாக இருப்பதால் இனி என் சொல் ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது என்றும் சொன்னாய். "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. இது கிடைக்காட்டி கம்பெனிய மூடிட்டு நான் மெல்பர்னுக்கு அப்ளை பண்ணிருவேன்" என்றாய். பண்டாரவளைப் பக்கம் பனி இறங்குமுன் போய்விடுங்கள் என்று மட்டும் சொல்லி வாசல்வரை வந்தேன். நீ திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறினாய். அன்று பேசாததை இன்று விளக்கேற்றி, வழக்கமான பதிகங்களைப் பாடி முடித்த பின் எழுதுகிறேன். பாடும்போது மனம் ஒன்றவில்லை. அதையும் உன்னிடம் மறைப்பானேன்?

முதலில் உங்கள் ஆக்கத்தின் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். அவற்றை நான் காணவில்லை என்று நீ எண்ணிவிடக் கூடாது. கடவுச்சீட்டு காலாவதியாகுமுன் அது எச்சரிக்கிறது. எந்த அறையில் எவர், எந்தப் பஸ்ஸில் எவர் என்று ஒரே பார்வையில் காட்டுகிறது. நம் அலுவலகத்துச் சுமதி முன்பெல்லாம் யாத்திரைக்கு முந்திய கிழமையில் சோறு உண்ணவும் நேரமின்றித் தவிப்பாள். இம்முறை அவள் பகலுணவு உண்டதை என் கண்ணால் கண்டேன். உன் அப்பா இருந்திருந்தால் அந்தத் திரையின் முன் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, எழுந்திருக்கவே மாட்டார். நீ நின்று பேசிய விதமும் நன்றாக இருந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாய், சொல்லை விழுங்கவில்லை. தமிழும் சமயமும் கற்பித்தே தலை நரைத்த எனக்கு, நன்றாகப் பேசும் பிள்ளையின் முன் உட்கார்ந்திருப்பது எத்தனை பெரிய இன்பம் என்பதை நீ அறியமாட்டாய். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக் குழுவைப் பற்றிய பக்கம் வரும்வரை அந்த இன்பம் எனக்கு இருந்தது.

அந்தக் குழுவுக்கு நேர்ந்ததை நீ தொலைபேசியில் துண்டுதுண்டாகத்தான் கேட்டாய். முழுவதையும் ஒருமுறை ஓரிடத்தில் சொல்லி வைக்கிறேன். தோட்டத்து யாத்திரையை உன் அப்பா நடத்திய முறை உனக்குத் தெரியும். விமான நிறுவனத்திடம் குழுவாக இடம் கேட்டுக்கொள்வார். பெயர்களை மட்டும் அவர்கள் அனுமதிக்கும் கடைசி நாள்வரை கொடுக்கமாட்டார். லயத்து வரிசை வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் பங்காளிகள் அனைவருக்கும் தீட்டு. கருமாதி முடியும்வரை அவர்கள் கோயில் வாசலை மிதிக்க இயலாது. சேர்ந்து புறப்படுகிறவர்களில் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் பங்காளிகளாகவே இருப்பார்கள். ஆகவே கடவுச்சீட்டும் விசாவும் எடுத்துவைத்த மாற்று ஆட்கள் சிலர் அதே லயத்தில் எப்போதும் ஆயத்தமாக இருப்பார்கள். தீட்டுப்பட்டவர் விலகினால், அவருடைய இடத்தில் போகிறவர் அவருடைய காணிக்கை முடிச்சையும் சேர்த்து எடுத்துப்போவார். சந்நிதியில் அவர் பெயரைச் சொல்லி நின்று, கண்ணால் கண்டு, திருநீற்றோடு திரும்பிவந்து, "உன் காணிக்கை சேர்ந்துவிட்டது" என்று லயத்தார் கேட்கச் சொல்வார். சொன்ன பிறகே நேர்ந்துகொண்டவருக்கு நேர்த்தி தீரும். உங்கள் திரையில் ஒரு சிறு கட்டமாகத் தெரிகின்ற இருக்கை அவர்களுக்கு இத்தனையும் சேர்ந்த ஒன்று.

உங்கள் மென்பொருளோ கடவுச்சீட்டைக் காட்டிய கணமே பெயரை அனுப்பி டிக்கட்டை எடுத்துவிட்டது. இந்த வேகத்தைத்தான் நீங்கள் முதற்பக்கத்தில் பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். சுமதி அன்றே கேட்டாள்: "டீச்சர், இவ்வளவு சீக்கிரமா டிக்கட் வந்துருச்சே, பரவாயில்லையா?" நான்தான் பெருமிதத்தில், "நம்ம சேந்தன் செஞ்சதுடி, சும்மாவா?" என்றேன். புறப்படச் சில நாட்களே இருந்தபோது குழுவில் பெயர் கொடுத்திருந்த பாக்கியத்தின் கணவருடைய அண்ணன் இறந்துபோனார். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்குப் போகப் படியிறங்கியவர் அங்கேயே உட்கார்ந்து சாய்ந்துவிட்டாராம். இம்முறை குழுவில் இருந்த எல்லோருமே அவருடைய பங்காளிகளாக அமைந்ததால், அந்தக் குடும்பங்கள் எல்லாம் விலக நேர்ந்தது. விலகும் காரணம் கேட்டது உங்கள் திரை. நோய், விசா மறுப்பு, சொந்த விருப்பம், வேறு என்று நான்கு கட்டங்கள் இருந்தன. சுமதி "வேறு" என்பதை அழுத்தினாள். டிக்கட்டில் பெயர் ஏறிவிட்டதால் மாற்ற வழியில்லை, ரத்துச் செய்யத்தான் முடிந்தது. அப்படி வெறுமையான இடங்களையோ, இணையத்தில் பதிந்து காத்திருந்த கொழும்பு அன்பர்களுக்கு அது தானாகவே கொடுத்துவிட்டது. நாங்கள் தடுப்பதற்குள் அவர்களுக்கு வாழ்த்துச் செய்தியும் போய்விட்டது. லயத்தில் ஆயத்தமாக இருந்த மாற்று ஆட்கள், கட்டிவைத்த பைகளை அவிழ்த்தார்கள்.

பாக்கியத்தை நீ பார்த்திருக்கிறாய். ஆயுள் முழுவதும் கொழுந்தெடுத்து இப்போது ஓய்ந்திருப்பவள். பேச்சில் எவரையும் நோகச்செய்யாதவள். வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போன அவள் மகளிடமிருந்து நெடுங்காலம் ஒரு சொல்லும் வரவில்லை. அவள் உயிரோடு திரும்பினால் பழனிக்கு வந்து காணிக்கை செலுத்துவதாக நேர்ந்துகொண்டாள், மகளும் திரும்பினாள். அந்தக் காணிக்கையை மஞ்சள் துணியில் முடிந்து வைத்துக்கொண்டு அவள் காத்திருந்த காலத்தை நீயே எண்ணிக்கொள். சாவு வீட்டுக்கு நான் போனபோது தனியே அழைத்து, "நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் பாக்கியம்" என்றேன். "நீங்க சேப்பீங்க டீச்சரம்மா, அதுல எனக்கென்ன சந்தேகம்? ஆனா எங்க லயத்து ஆளு ஒருத்தரு அங்க நிக்கலையே. நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் யாரக் காட்டுவேன்?" என்று சொல்லிவிட்டு, எனக்கு வருத்தமாக இருக்குமோ என்று நினைத்து, உடனே தேநீர் கொண்டுவரப் போனாள். முடிச்சைத் தீட்டுப்படாத பக்கத்து வீட்டுக்காரி கையால்தான் என்னிடம் கொடுத்தார்கள்.

திருச்சியில் இறங்கிப் பழனிவரை பஸ்ஸில் போனோம். அவர்கள் அமர்ந்திருக்க வேண்டிய இடங்களில் அமர்ந்திருந்தவர்களைக் குறை சொல்லமாட்டேன், அவர்களும் அடியவர்கள்தாம். ஒருவர் குளிர்சாதனத்தைக் கூட்டச் சொன்னார், மற்றவர் குறைக்கச் சொன்னார், அவ்வளவுதான். சந்நிதியில் பாக்கியத்தின் பெயரைச் சொல்லி முடிச்சை அவிழ்த்தேன். என் வாழ்நாளில் அந்த மலையில் நின்று கண் கலங்காத நாள் இல்லை. அன்று கலங்கவில்லை. வேறொருவருடைய வேலையைச் செய்து முடிக்கும் கூலிக்காரியைப் போல நின்றேன். ஆண்டவன் அதை ஏற்றுக்கொண்டிருப்பான். லயத்தார் ஏற்றுக்கொள்ளவில்லை, ஏற்காததைச் சொல்லவும் இல்லை.

ஊர் திரும்பி, திருநீற்றை எடுத்துக்கொண்டு மடுல்சீமைக்குக் கருமாதிக்குப் போனேன். மழையில் வீதி அறுந்து, பசறைக்கு அப்பால் பாதித்தூரம் வாகனம் ஊர்ந்துதான் சென்றது. தோட்டத்துக் கோயில் தலைவர் முனியாண்டி என்னைக் கண்டதும், எல்லோரும் கேட்கும்படி, "ஏன் டீச்சர், உங்க மகன் அந்தப் பொட்டியில எல்லாத்துக்கும் பட்டன் வெச்சாரே, எமனுக்கு ஒண்ணு வெக்க மறந்துட்டாரா?" என்றார். சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? அப்போது பாக்கியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எனக்கு ஆறுதல் சொல்வதாக எண்ணிக்கொண்டு சொன்னாள்: "அவரு கெடக்காரு டீச்சரம்மா. தம்பி போன்ல என்னமோ கேட்டு அனுப்பியிருந்தாங்க. பயணம் எப்படி இருந்துச்சு, ஸ்டார் போடுங்கன்னு. பேத்திதான் படிச்சா. அஞ்சையும் அமுக்குடின்னு சொல்லிட்டேன். டீச்சர் மகன் கேட்டு நாங்க கொறச்சுப் போடுவமா? எல்லா வீட்டுலயும் அப்படித்தான் போட்டாங்க."

போகாத பயணம் எப்படி இருந்தது என்று சாவு வீட்டிடம் கேட்டிருக்கிறது உங்கள் கருவி. அவர்கள் மறுமொழி சொல்லியிருக்கிறார்கள், மகனே, முழுமனத்தோடு. வீட்டுக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பதற்காக இருப்பதை எடுத்துக் கொடுக்கிறவர்கள் அவர்கள். உன் செய்தியையும் வாசலில் வந்து நின்ற ஒருவராகத்தான் கண்டார்கள். அதில் எனக்கும் பங்குண்டு. லயம் லயமாகப் போய், "எங்க மகன் செஞ்சது, பார்த்துக்குங்க" என்று சொல்லி வைத்தவள் நான். நான் பெருமை பேசாதிருந்தால் அவர்களில் இரண்டொருவராவது மனத்தில் பட்டதைச் சொல்லியிருப்பார்கள்.

அன்று திரும்பியதும் உன்னை அழைத்துத் தீட்டைப் பற்றிச் சொன்னேன். "அது எப்பவாவது நடக்கிறதும்மா, அடுத்த வேர்ஷன்ல பாத்துக்கலாம்" என்றாய். தோட்டத்தில் சாவு எப்போதாவதுதான் நடக்கிறதா என்று கேட்டேன். உனக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. அவசரம் என்று அதை மன்னித்தேன். அறியாமையை மன்னிக்கத் தாய்க்கு வரம்பு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் சுவரில் தோன்றியது. மலைச்சரிவின் படம், அதன்மேல் மடுல்சீமைக் குழு என்று எழுத்து, கீழே ஐந்து நட்சத்திரங்கள் பொன்னிறத்தில் ஒளிர்ந்தன. "யார் போட்டது தம்பி இது?" என்று நிரோஷனைக் கேட்டேன். "குரூப்ல இருந்த அவ்வளவு பேரும் ஆன்ட்டி. ஒருத்தர் விடாம ஃபுல் ஸ்டார். இதப் பாத்தா அந்த இன்வெஸ்டர் மேடம் சம்மதிச்சுருவாங்க" என்றான். அந்தப் பிள்ளை இருந்த வேலையை விட்டுவிட்டு உன்னை நம்பி வந்தவன். அவனுக்குத் தெரியாது என்பது அவன் முகத்திலேயே இருந்தது. பிறகு உன்னைப் பார்த்து, "போகாதவங்களுமா?" என்றேன். நீ சுவரில் படம் காட்டிய கருவியின் கம்பியைச் சரிசெய்தாய். "சிஸ்டம் எல்லாருக்கும் அனுப்பிருச்சும்மா. இப்ப அதப் பிரிச்சா மிஞ்சுறது கொழும்புக்காரங்க மட்டும்தான், தோட்டத்துப் பக்கம்னு சொல்லவே முடியாது. யாரும் பொய்யாப் போடலையே" என்றாய். அப்படியானால் உனக்குத் தெரிந்திருந்தது.

உன் பள்ளிக்காலத்துப் பண்ணிசைப் போட்டியில் நான் நடுவராக இருந்ததையும், நீ ஒரு பாடலின் நடுவே இரண்டு அடிகளைத் தாண்டிப் பாடியதையும் நீ மறந்திருக்கமாட்டாய். மற்ற நடுவர்கள் கவனிக்கவில்லை. நான் குறைத்துப் போட்டேன். உனக்குப் பரிசு கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா, "பிள்ளைக்கு ஒரு மார்க் கூட்டிப் போட்டா முருகன் கோவிச்சுக்கிட்டு மலையேறிருவாரா?" என்று என்னை ஏசினார். நீ தட்டைத் தள்ளிவிட்டு, "நீங்க எனக்கு அம்மாவா, இல்ல டீச்சரா?" என்று கேட்டாய். அன்று செய்ததற்காக நான் வருந்தியதில்லை, இன்றும் வருந்தவில்லை. ஆனால் அன்று விடுபட்டவை பாட்டின் அடிகள். அடுத்த ஆண்டு பாடிக்கொள்ளலாம். இன்று விடுபட்டிருப்பவர்கள் மனிதர்கள். அவர்கள் இழந்ததை, அவர்களுக்குக் கிடைத்ததாக நீ இன்னொருவரிடம் காட்டப்போகிறாய். வாய்மை என்பது பிறருக்குத் தீங்கு தராத சொல் என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு விளக்கம் எழுதிப்போட்டவள் நான். "யாரும் பொய்யாகப் போடவில்லையே" என்ற உன் வாதத்தைக் கேட்டபோது, அந்த விளக்கத்தில் எவ்வளவு இடைவெளியை விட்டு வைத்திருந்தேன் என்பது புரிந்தது. அவர்கள் ஒருவரும் பொய் சொல்லவில்லை. நீயும் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆயினும் பொய் ஒன்று சுவரில் நின்று ஒளிர்ந்தது.

சேந்தா, இதற்குத் திருத்தம் உண்டு. பெயர் அனுப்புவதை முகவரின் கையில் விடலாம். காரணங்களின் வரிசையில் இறப்பையும் சேர்க்கலாம். காலியான இடம் முதலில் அந்தந்தத் தோட்டத்துக்கே போகும்படி வைக்கலாம். உனக்கும் நிரோஷனுக்கும் அது சில கிழமை வேலையாக இருக்கும். அந்த அம்மையார் அறிவுடையவராக இருந்தால், தன் கருவி எங்கே பழுது என்று தானே வந்து சொல்லும் பிள்ளையை நம்புவார் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆனால் அவரை நான் அறியேன். பழுது என்ற சொல்லைக் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடவும் கூடும். நல்லதே நடக்கும் என்று உனக்கு வாக்களிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நிறுவனம் மூடப்படலாம், நிரோஷன் வேலை தேடி அலையலாம், நீ கடல் கடந்து போகலாம். அப்பாவின் திவசத்துக்கு இனி நான் தனியாகத்தான் எள்ளும் நீரும் எடுத்துவைக்க நேரலாம். இவை எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க ஒரு சொல் போதும் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. ஞாயிறு முதல் இந்த வீட்டில் அந்தச் சொல்லோடுதான் இருக்கிறேன். சமையலறையில் யாருமில்லாதபோது வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன். "நல்லா இருக்கு." எளிதாகத்தான் வருகிறது.

ஆனாலும் நான் அதைச் சொல்லப்போவதில்லை. அவர் கேட்டால் நிறைகளைச் சொல்வேன், சுமதி நேரத்துக்கு உண்டதைச் சொல்வேன், உன் உழைப்பைச் சொல்வேன். பிறகு, மடுல்சீமைக் குழுவின் நட்சத்திரங்களில் பாதி, பயணம் போகாதவர்கள் இட்டவை என்பதையும், ஏன் போகவில்லை என்பதையும் சொல்வேன். அதைக் கேட்டபின் அவர் உன்னிடம் திரும்பி, உனக்கு இது தெரியுமா என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நீ தலைகுனிந்து நிற்கும் நிலையை என் கையால் உண்டாக்க எனக்கு மனமில்லை. ஆகவே எனக்கு முன்னே நீ சொல்லிவிடு. நிரோஷனிடம் முதலில் சொல், பிறகு அவரிடம் சொல். நீ சொல்லியிருந்தால், அவர் என்னை அழைக்கும்போது, "என் மகன் சொன்னது அவ்வளவும் உண்மை" என்ற ஒரே வாக்கியத்தோடு நான் முடித்துக்கொள்வேன். அதைவிடப் பெரிய சான்று ஒன்றை எந்தத் தாயும் தன் பிள்ளைக்குத் தந்துவிட முடியாது. அந்த வாய்ப்பை எனக்குக் கொடு.

வியாழக்கிழமை காலை அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதத்தைச் சுமதி இன்றைக்கே படமெடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவாள். புதன் மாலைவரை உனக்கு நேரம் இருக்கிறது.

உன் நலத்தை நாளும் வேண்டும்,
அம்மா